ஊர் இரண்டுபட்டால்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கொங்குநாட்டு ஊர்ப்பெயர்கள் குறித்தோ நடுகற்கள் குறித்தோ எழுதலாம் என எண்ணியிருந்தேன். அன்பர்களும் அதையே எதிர்பார்த்திருப்பர். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் தாய்மாமன். பருத்தி ஏலத்திற்காக மல்லசமுத்திரம் வந்தவர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, சேலம் டீமுன்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்களே, அது நம்முளுதா இல்லியா? நீதான் டாக்டருக்குப் படிச்சவளாச்சே, சொல்லு.”

முனைவர் பட்டத்தை மருத்துவப் பட்டத்தோடு அவர் குழப்பிக்கொள்வது வேண்டுமென்றே செய்வது; அதை விட்டுவிடலாம். கேள்வி எளிதன்று. ஓர் அணி எப்போது ஓர் ஊருடையதாகிறது? பெயராலா, ஆடுபவர் பிறந்த மண்ணாலா, பணம் போட்டவராலா, பார்ப்பவராலா? இக்கேள்வி நேற்று முளைத்ததாக நாம் நினைக்கிறோம். நம் மொழியில் அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வயது.

சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்ற செய்தியைப் புறநானூறு ஆறு பாடல்களில் காட்டுகிறது. 80 முதல் 82 வரையுள்ள மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. 83, 84, 85 ஆகிய மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. சாத்தந்தையார் களத்தின் அருகே நின்று பாடுகிறார். ஒரு கால் மார்பில், மறுகால் முதுகில் என மற்பிடியையே வருணிக்கிறார். தந்தையாகிய தித்தனோடு பகைத்து நாடிழந்து திரிந்த மகன் அவன். தந்தை மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்த வெற்றியை அவன் காணவேண்டும் என்கிறார். போரின் விரைவைச் சொல்ல அவர் எடுத்தாளும் உவமை, வகுப்பில் சொல்லும்தோறும் மாணவியரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுது சாய்கிறது, அந்த நேரத்தில் கட்டில் பிணிக்கும் தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ அவ்வளவு விரைவு. விளையாட்டு வருணனைக்கு இதைவிட வேகமான உவமையை நான் படித்ததில்லை.

நக்கண்ணையாரோ களத்தருகே நிற்கவில்லை. நிற்க இயலாது. வீட்டின் புறத்தே நின்று அவன் பொருட்டு மேனி பசந்தவர், தாய்க்கு அஞ்சுபவர், அவையோர்க்கு நாணுபவர். இம்மூன்று பாடல்களையும் கைக்கிளை என்று திணை வகுத்துவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். காதல் என்ற ஒரே கண்ணால் படித்துப் பழகிவிட்டதால், அவற்றில் இருக்கும் மற்றொன்று நம் கண்ணில் படுவதில்லை. அந்த மற்றொன்று, பார்வையாளர் கூட்டம். 83ஆம் பாடலில் ஊர் ஒரு பக்கமாகவும் சாயாமல், இரு பக்கமாகப் பிரிந்து மயங்கி நிற்கிறது. அந்த ஊரும் தம்மைப்போலவே நடுங்கித் தவிக்கட்டும் என்கிறார் நக்கண்ணையார். 85இல் அம்மயக்கத்தின் காரணமும் சொல்லப்படுகிறது. அவன் ஊர் இதுவன்று, அவன் நாடும் இதுவன்று. ஆகவே வெற்றி அவனுடையது என்கின்றனர் சிலர், அன்று என்கின்றனர் சிலர். இரு சாராரின் பேச்சும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காற்சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டு முன்னுள்ள பனையின் அடியில் சாய்ந்து நின்று, தம் கண்ணாலேயே பார்க்கிறார். வெற்றி அவனுடையதாகவே இருந்தது.

இங்கே வெற்றியைக் குறிக்க ‘ஆடு’ என்ற சொல் வருகிறது. ஆட்டத்திற்கும் வெற்றிக்கும் ஒரே வேரைக் கொடுத்த மொழி நம்முடையது. அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறு. ஆட்டத்தைப் பற்றிய கருத்து, பார்ப்பவனுடைய ஊரைப் பொறுத்து மாறும் என்பதை ஒரு பெண் அத்தனை பழங்காலத்தில் கண்டு சொல்லியிருக்கிறார். நடுவர் தீர்ப்பை மூன்றாம் கண்ணாகிய ஒளிக்கருவி சரிபார்க்கும் இந்நாளிலும் அது மாறவில்லை.

ஊர்ப்பெயர் அணிந்து களம் இறங்குவதற்கும் பழஞ்சான்றுகள் உண்டு. மதுரைக்காஞ்சி, மாயோனின் ஓண நன்னாளில் சேரிக்குச் சேரி நிகழ்ந்த போரைக் காட்டுகிறது. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டைக் கோழிகளுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் கிடைத்துள்ளன. கோழியின் உருவமும் வட்டெழுத்தும் பொறித்த கற்கள் அவை. ஒன்றில் மேற்சேரி குறிக்கப்படுகிறது. மற்றொன்றில் கீழ்ச்சேரி குறிக்கப்படுகிறது. கோழி வளர்த்தவன் பெயர் முதன்மை பெறவில்லை; எந்தச் சேரியின் கோழி என்பதே கல்லில் ஏறியிருக்கிறது. கோழிக்குத் தான் எந்தச் சேரி என்பது தெரியாது. சேரிக்குத் தெரிந்தது.

மல்லசமுத்திரத்தின் பெயரிலும் மல்லன் இருக்கிறானே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஒலி ஒப்புமையைக் கொண்டு ஊர் வரலாறு கட்டும் பழக்கத்தை மாணவியரிடம் கண்டிப்பவள் நான். இங்கே அதைச் செய்ய மாட்டேன்.

எங்கள் ஊர்ப்புறத்து அணி என்றால், நான் சிறுமியாக இருந்த 1980களில், அது சடுகுடு அணிதான். மாரியம்மன் நோம்பியை ஒட்டி, அறுவடை முடிந்த காட்டில் கோடு கிழித்து, மூங்கில் நட்டு, டியூப்லைட் கட்டி ஆடுவார்கள். மாமன் அந்த அணியில் ஏறிப் பாடுபவர். பகலில் விசைத்தறி, மாலையில் களம். பரிசு ஓர் ஆட்டுக்கிடாயும் பித்தளைக் குடமும். கிடாய் அன்றிரவே கறியாகிவிடும். குடம் யார் வீட்டில் இருப்பது என்பதில் ஆண்டு முழுதும் சண்டை நடக்கும். பெண்கள் களத்தருகே செல்வதில்லை. நாங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்ப்போம். தொலைவில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியாது. கூட்டத்தின் ஓசையைக் கொண்டு ஊகித்துக்கொள்வோம். நக்கண்ணையாருக்குப் பனை மரம். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியின் சுவர்.

அன்றைய ஊர் அணி முழுதும் ஊர்க்காரர்களால் ஆனது என்று எண்ணிவிட வேண்டா. எதிரணி வலுவாக இருந்தால், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்தோ இராசிபுரத்துப் பக்கமிருந்தோ நல்ல பாட்டக்காரர் ஒருவரை அழைத்து வருவர். பேருந்துச் செலவு, இரண்டு வேளைச் சோறு, கையில் கொஞ்சம் பணம். எதிரணியினர் ‘வெளியூர் ஆள்’ என்று கூச்சலிடுவர். அடுத்த ஆண்டு அவர்களே அவரை அழைத்து வருவர். தொழில்முறை ஆட்டம் மாநகரத்தில் தோன்றி நம்மிடம் வந்தது என்போர் இதை அறியாதவர். கூலிக்கு ஆடுபவன் அன்றும் இருந்தான். ஆனால் அவன் தோற்றால், மறுநாள் தேநீர்க் கடையில் அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

அந்த அணி கலைந்ததற்கு நாடகத்தனமான காரணம் ஏதுமில்லை. திருச்செங்கோட்டு வட்டாரம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. இளைஞர்கள் வண்டியோடு மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் என்று போனார்கள். நோம்பிக்கு ஊர் திரும்புபவர் குறைந்தனர். ஏழு பேர் சேரவில்லை. அவ்வளவுதான்.

அவ்வெற்றிடத்தில் 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் வந்தது. கருமையான கட்டாந்தரையில் துளையிட்டுக்கொண்டிருந்த எங்கள் பையன்கள் மஞ்சள் சட்டை அணியத் தொடங்கினர். மொழி தெரியாத ஊரில் ‘நீ எந்த ஊர்’ என்று கேட்பவனுக்கு மல்லசமுத்திரம் என்றால் விளங்காது. அந்தச் சட்டை விளங்கும். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேற்றூரில் வாழ்பவனுக்கு ஊர்ப்பெயர் ஒரு போர்வை.

ஆயினும் அந்த அணி நம்முடையதா என்ற கேள்வி 2018இல் கூர்மையாக எழுந்தது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்ற கெடுவும் வீணாயிற்று. நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லை காவிரி. பள்ளிபாளையமும் பரமத்திவேலூரும் மோகனூரும் அதன் கரையில் உள்ளன. ஏப்ரல் 10ஆம் நாள் சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணியுடன் போட்டி நடந்தது. வெளியே போராட்டம், உள்ளே எல்லைக்கோட்டருகே காலணி வந்து விழுந்தது. எஞ்சிய உள்ளூர்ப் போட்டிகள் புனேக்கு மாற்றப்பட்டன. இரசிகர் ஏறத்தாழ 1000 பேர் தனித்தொடர்வண்டியில் புனேக்குச் சென்றனர். ஆறா அணியா என்று கேட்கப்பட்டபோது, அணி ஊரை விட்டுப் போனது; இரசிகர் அணியின் பின்னே போயினர். அன்று மாமன் தம் வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். தண்ணீருக்கு ஆகாதவனுக்கு ஆட்டம் எதற்கு என்றார். பிறகு அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து எத்தனை ஓட்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் வரலாற்று நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

2023 ஏப்ரலில் இக்கேள்வி சட்டமன்றத்திற்கே சென்றது. தருமபுரியின் சட்டமன்ற உறுப்பினர், தமிழக வீரர்களுக்கு இடமளிக்காத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று பேசினார். அவ்வாண்டு இறுதிப்போட்டியில் சென்னைக்கு எதிராகக் குசராத்து அணிக்காக 96 ஓட்டங்கள் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். நம் பையனின் ஆட்டத்திற்குக் கைதட்டுவதா, நம் அணிக்கு வந்த கேட்டுக்கு வருந்துவதா? என் வகுப்பில் அன்று புறம் 85ஐ விளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இனிச் சேலம் அணிக்கு வருகிறேன். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கை 2016இல் எட்டு அணிகளுடன் தொடங்கியபோது அவற்றுள் சேலம் இல்லை. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயர்கொண்ட டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த அணிதான் பின்னர் இடம்பெயர்ந்து, பெயர் மாறி, 2021இல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகக் களம் இறங்கியது. காரைக்குடியின் அணி அவ்வாறே திருப்பூரின் அணியாகி 2025இல் கோப்பையை வென்றது. காரைக்குடியார் அதைக் கொண்டாடினரா, வருந்தினரா என்று கேட்க எனக்கு ஆவல். சேலம் என்ற பெயரோடு அவ்வணி 2025 வரை கோப்பையைக் கண்டதில்லை. கடற்கரையில் வென்றது மலையடிவாரத்தில் வெல்லவில்லை. ஸ்பார்ட்டாவும் ஓர் ஊரே, கிரேக்க நாட்டில். ஓர் அணியின் பெயரில் இரண்டு ஊர்கள்; இரண்டிலும் அது பிறக்கவில்லை.

சேலம்தான் எங்கள் ஊரா என்பதும் கேட்கப்பட வேண்டும். 1997 சனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. என் பள்ளிச் சான்றிதழில் சேலம் மாவட்டம் என்றிருக்கிறது. என் மாணவியரின் சான்றிதழில் நாமக்கல் மாவட்டம் என்றிருக்கிறது. மாமனுக்குச் சேலம் அணியின் தோல்வி இன்றும் வலிக்கிறது. அவருடைய பேரனுக்கு அது வேற்றூர்ச் செய்தி. 2023 சூன் 13ஆம் நாள், சேப்பாக்கம் அணிக்கு எதிராகச் சேலம் அணித்தலைவர் வீசிய கடைசிப் பந்தில், நோபால்களும் அகலப்பந்தும் சேர்ந்து 18 ஓட்டங்கள் போயின. உலகமெங்கும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பேரனும் சிரித்தான். மாமன் சிரிக்கவில்லை. “பேரு நம்முளுது கண்ணு, ஆளு ஆருதோ” என்றார். அத்தோல்விக்கு வெட்கப்பட்டவர் அவர். ஆகவே அணியும் அவருடையதுதான் என்று நான் அன்று முடிவு கட்டினேன். வெட்கப்படுபவனுக்கே உரிமை உண்டு.

அதே 2023இல் அத்தொடரின் வீரர்கள் முதன்முறையாக ஏலத்தில் எடுக்கப்பட்டனர். சாய் சுதர்சனைக் கோவை அணி 21 இலட்சத்து 60 ஆயிரத்திற்கு எடுத்தது. மல்லசமுத்திரத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலத்தை ஆண்டுதோறும் பார்ப்பவர் மாமன். பி.டி. இரகம், சுரபி இரகம், கொட்டு இரகம் என்று மூட்டை பிரித்து விலை சொல்வதை அறிந்தவர். வீரர் ஏலத்தைத் தொலைக்காட்சியில் கண்டு அவர் அதிரவில்லை. மூட்டையை எடுத்தவன் நூலாக்காமல் கிடங்கில் போட்டு வைத்தால்தான் தவறு என்றார்.

அவர் மனத்தில் இருந்தவர் நடராசன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத்தொழிலாளிக்கு மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் பந்துவீசிப் பழகி, 2015இல் இரஞ்சிக் கோப்பையில் ஆடியவர். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒரு நாள் போட்டியிலும் இருபது ஓவர் போட்டியிலும், 2021 சனவரி 15இல் பிரிசுபேனில் டெஸ்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி அவரைத் தேரில் அழைத்துச் சென்றது. எங்கள் பகுதியில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த யாருக்கும் அன்று கண் நனையாமல் இருந்திருக்காது. 2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடருக்கு தில்லி அணி அவரை 10 கோடியே 75 இலட்சத்திற்கு எடுத்தது. பெரும்பாலான போட்டிகளில் களம் இறக்கவில்லை. மாமன் சொன்ன கிடங்கு இதுதான்.

இத்தனை பெருமைக்குரியவர் தமிழ்நாட்டுத் தொடரில் பந்துவீசியது திண்டுக்கல், கோவை, திருச்சி, திருப்பூர் அணிகளுக்காக. சேலம் அணிக்கு எதிராக அவர் ஓடி வந்தால், சேலத்துக்காரன் எந்தப் பக்கம்? எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. மாமன் சேலம் என்பார். அத்தை நடராசன் என்பார். அத்தையின் வாதம் வலுவானது. அணிகள் ஊர் மாறும், அவன் ஊர் மாறவில்லையே என்பார். உண்மைதான். அவர் தம் ஊரிலேயே இளைஞர்களுக்காக ஒரு மைதானம் அமைத்து, அது 2023 சூன் மாதம் திறக்கப்பட்டது.

பெண்கள் அணியை விட ஆளையே பற்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள் இருந்தன. ஒன்றிலும் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் இல்லை. மதுரைப் பெண்ணாகிய கமலினியை மும்பை அணி 1 கோடியே 60 இலட்சத்திற்கு எடுத்தபோது, என் மாணவி ஒருத்தி ஒரே இரவில் மும்பை இரசிகை ஆனாள். ஊர் தராததை ஆள் தருகிறாள்.

மாமனின் பழைய ஆட்டத்திற்கும் தொழில்முறை அணி வந்தது. 2017இல் தமிழ்த் தலைவாஸ் உருவானபோது முதல் நாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். அணி அடுத்தடுத்த பருவங்களில் கடைசி இடத்திலேயே கிடந்தது. 2022இல்தான் முதன்முறையாக அரையிறுதி கண்டது. தோல்வி அவரை அவ்வளவாக வருத்தவில்லை. ‘பாடவே மாட்டேங்கறானுங்க’ என்பதே அவர் குறை. மூச்சு விடாமல் பாட்டுக் கட்டி ஏறியவருக்கு, ஒரே சொல்லை முணுமுணுத்துக்கொண்டு போவது ஆட்டமாகத் தெரியவில்லை. கவிஞர்கள் நிறைந்த நம் வட்டம் இந்தக் குறையையேனும் தனியே ஆராயலாம். சடுகுடுப் பாட்டுகளைத் தொகுக்க இன்னும் காலம் இருக்கிறது, பாடியவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுத் தொடர் அங்கேதான் சூலை 5இல் தொடங்கியது. மாமனையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். மொட்டை மாடி இல்லை. படிவரிசையில் நானும் அத்தையும் ஆண்களுக்கு நடுவே அமர்ந்தோம். தொடக்க நாளில் ஆடியது சேலம் அன்று, சேப்பாக்கமும் கோவையும். வந்தவர்களில் யாருக்கும் அது தம் ஊர் ஆட்டமில்லை. ஐந்து ஓவருக்குள் கூட்டம் இரண்டாகிவிட்டது. கொங்கு மண் என்று கோவைக்குக் கத்தியவர்கள் ஒரு பக்கம், ஏதோ கணக்கில் சேப்பாக்கத்திற்குக் கத்தியவர்கள் ஒரு பக்கம். எங்களுக்குப் பின்னால் இரண்டு பையன்கள், பிடித்த பந்து தரையைத் தொட்டதா இல்லையா என்று முறைத்துக்கொண்டார்கள். மாமன் திரும்பி இருவர் பேச்சையும் கேட்டார். எழுந்து நின்றால்தான் திரையில் மறுகாட்சி தெரியும் போலிருந்தது. நான் எழுந்து, அருகிலிருந்த இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“என்ன கண்ணு, தொட்டுதா?” என்றார் மாமன்.